ஒரே கேட், மூணு சம்பளம்!

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோர சீட் கிடைப்பது, ஆபீசில் கேட்காமலே இன்கிரிமெண்ட் கிடைப்பது மாதிரி. போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கிடைத்தது. (சீட்டைச் சொல்கிறேன்!)

தங்கை போன் பண்ணியிருந்தாள். "அண்ணே, நீ பி.காம். தானே? ஒரு கணக்கு பார்க்கணும், கிளம்பி வா."

குடும்பத்தில் ஒருத்தன் பி.காம். படித்துவிட்டால் அவன் கதி இதுதான். சீட்டு எடுக்கலாமா, நகையை எந்த பாங்கில் வைக்கலாம், எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவன் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வார்கள். என் விஷயத்தில் அதனால் பலர் லாபமடைந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எனக்குத் தங்கை வீட்டில் தொடர்ந்து சாப்பாடு வேண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த தன் தம்பியையும் போன வருஷம் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டார். இப்போது பேக்கிங் செக்‌ஷனில் என் தங்கைக்கும் இடம் இருக்கிறதாம். ஆக, மூணு சம்பளம்! மூன்றையும் காட்டி வீட்டு லோன். கவரைப்பேட்டைப் பக்கம் மனைகூடப் பார்த்தாகிவிட்டது.

இரண்டே இரண்டு சின்ன மாற்றங்கள். முன்பணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது, அதனால் தங்கையின் தையல் மெஷினை விற்றுவிடுவது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதனால் மாமியார் மீன் வியாபாரத்தை நிறுத்திவிடுவது.

எண்ணூர் தாண்டுவதற்குள் செல்போனிலேயே தவணை கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். அத்திப்பட்டில் வட்டி சரிபார்த்தேன். பொன்னேரியில் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது: "பிரமாதம் மாப்பிள்ளை! உடனே கையெழுத்துப் போடுங்க."

மூலையில் கூடை கழுவிக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாகக் கூடை சுமக்கிற பெண்மணி. அதிகம் பேச மாட்டார்.

"தம்பி, காலையில நாலு மணிக்கு என்னோட பழவேற்காடு வாங்க. ஏலம் பார்த்துட்டு வந்து அப்புறமா கணக்கு சொல்லுங்க."

விடிகாலை நாலு மணி என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். மறுநாள் நேரில் பார்த்தேன்.

பழவேற்காடு ஏரி என்றால் நம்மில் பலருக்கு ஃபிளமிங்கோ பறவை, டச்சுக்காரன் கல்லறை, ஒரு படகு சவாரி, வறுத்த இறால். அவ்வளவுதான். விவரம் கொஞ்சம் பெரிசு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் இதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே தடுப்புச் சுவர். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல், உப்புத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஆக ஏரியின் ருசி மாதத்துக்கு ஒரு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு குறைந்துவிடும். கோடையில் ஏறிவிடும். நம் ஆபீஸ் கான்டீன் சாம்பார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படகுகள் வந்தன. ஏலம் ஆரம்பமாயிற்று. அன்றைக்கு இறால் ரொம்பக் குறைவு. கூடைக்குக் கூடை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

"இறாலே இல்லியே அத்தை, இன்னிக்கு நஷ்டமா?"

"இறால் இல்லேன்னா இன்னா? மடவை வந்துகீதே! மடவை இல்லாத அன்னிக்கு நண்டு வரும். கொடுவா வரும். ஒண்ணு படுத்தா ஒண்ணு எழும். என் கூடை காலியா போன நாள் ரொம்பக் கம்மி, தம்பி."

சார், இதை அமெரிக்காவில் 1952-ல் ஹாரி மார்கோவிட்ஸ் என்பவர் கணக்காக எழுதினார். 'போர்ட்ஃபோலியோ' தத்துவம். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் போடாதே என்று ஊர்ப் பாட்டிகளுக்கே தெரியும். மார்கோவிட்ஸ் அதற்கு மேலே ஒரு படி போனார். கூடைகள் எத்தனை என்பது மட்டும் முக்கியமில்லை. அவை சேர்ந்து விழுமா, தனித்தனியாக விழுமா என்பதுதான் முக்கியம் என்றார். 1990-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அத்தைக்கு இன்னும் தகவல் வரவில்லை.

பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். (பயப்படாதீர்கள், அரியர்ஸ் கிடையாது.) நாலு வகை மீன். ஒவ்வொன்றிலும் சராசரி 100 ரூபாய் வரவு. ஒவ்வொன்றும் ஏறி இறங்குகிற அளவு, அந்தப் பாழாய்ப்போன ஸ்டாண்டர்டு டீவியேஷன், 40 ரூபாய். நாலும் ஒரே தாளத்தில் ஏறி, ஒரே தாளத்தில் இறங்கினால் மொத்தம் 400 ரூபாயில் ஆட்டம் 160. அதாவது 40 சதவிகிதம். ஒரே ஒரு மீனை நம்பி இருந்தாலும் இதே 40 சதவிகிதம்தான்! நாலு வகை இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் நாலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அதுபாட்டுக்கு ஆடினால் மொத்த ஆட்டம் 80 ரூபாய்தான், 20 சதவிகிதம். பாதியாகிவிட்டது. ஒன்று ஏறும்போது இன்னொன்று சரியாக அதே அளவு இறங்கினால், ஆட்டமே இல்லை.

உயிரியல்காரர்கள் இந்தச் சேர்ந்தாடுதலை 'ஒத்திசைவு' என்கிறார்கள். அதற்கு 0 முதல் 1 வரை ஒரு மார்க்கும் உண்டு. மிஷல் லோரோவும் கிளேர் த மசான்கூரும் 2008-ல் வகுத்த அளவு. எல்லா இனமும் கோரஸ் பாடினால் 1. ஒன்றின் இறக்கத்தை மற்றது முழுசாக ஈடுகட்டினால் 0. நாம் பரீட்சையில் வாங்கின மார்க்குக்கு நேர் எதிர்: இதில் குறைவாக வாங்குகிற காடும் ஏரியும்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

இது சும்மா காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் டேவிட் டில்மன் என்பவர் வருஷக்கணக்கில் புல் அளந்துகொண்டிருந்தார். (அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ!) 1988-ல் கடும் வறட்சி. நிறையப் புல்வகைகள் இருந்த பாத்திகள் குறைவாக அடிபட்டன, சீக்கிரம் எழுந்தன. 1994-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. 1996-ல் இன்னொரு விஷயமும் சொன்னார். பலவகை இருக்கிற பாத்தியில் தனித்தனிப் புல்லைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. ஆனால் மொத்த விளைச்சல் ஆடாமல் நிற்கிறது. கூட்டுக் குடும்பம் மாதிரி. உள்ளே தினம் சண்டை, வாசலில் கோலம் மட்டும் தப்பாமல் இருக்கும்.

அலாஸ்காவில் பிரிஸ்டல் பே என்று ஒரு விரிகுடா. அங்கே சாக்ஐ சால்மன் என்ற ஒரே மீன் இனம்தான். ஆனால் வெவ்வேறு ஓடையில் பிறந்து வளர்கிற பல நூறு கூட்டங்கள். ஒரு ஓடை படுத்தால் இன்னொன்று எழும். எல்லாம் ஒரே கூட்டமாக இருந்தால் வருஷாவருஷ ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு ஆகியிருக்கும், மீன்பிடிப்பை மூட வேண்டிய வருஷங்கள் 10 மடங்கு வந்திருக்கும் என்று 2010-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

பழவேற்காட்டு மீன்கள் ஏன் தனித்தனித் தாளத்தில் ஆடுகின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாக்கு. மடவை சேற்றில் இருக்கிற பாசியையும் மக்கலையும் மேயும், சுத்த சைவம் மாதிரி. கொடுவா, சின்ன மீனையும் இறாலையும் விழுங்குகிற ரவுடி. நண்டு, சிப்பி சோழியை உடைத்துத் தின்னும். உப்பு ஏறினால் ஒன்றுக்குக் கொண்டாட்டம், இறங்கினால் இன்னொன்றுக்கு. அதனால் ஒரே மழை, ஒருவனுக்கு போனஸ், இன்னொருவனுக்கு மெமோ.

இந்த ஊர் மீனவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'பாடு' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இறாலுக்கு வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. ஒருவனே எப்போதும் அதிர்ஷ்டசாலி இல்லை, ஒருவனே எப்போதும் துரதிர்ஷ்டசாலியும் இல்லை. பாடு படுவதைப் பங்கு போட்டுக்கொள்வதற்கே பாடு என்று பெயர் வைத்த ஊர்!

எல்லாம் கேட்டு வியந்து, "அப்ப உங்களுக்குக் கவலையே இல்லை அத்தை!" என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை. கிழக்கே கை காட்டினார்.

"அந்த முகத்துவாரம் கீதே, மணல் மேடு தட்டி அது மூடிக்கும். அந்த வருஷம் இறாலும் இல்ல, மடவையும் இல்ல, நண்டும் இல்ல. எல்லாம் சேர்ந்தாப்பல பூடும். அப்போ அழுவேன்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்தபின் அதே வழியாகக் கடலுக்குப் போகும். மடவையும் முட்டையிடக் கடலுக்குத்தான் போகிறது. பெண் நண்டும் அப்படியே. கொடுவாவுக்கும் உப்புத் தண்ணீர் வேண்டும். வேறு வேறு சாப்பாடு, வேறு வேறு குணம். ஆனால் எல்லோருக்கும் ஒரே கேட்! கேட் திறந்திருக்கிற வரை நாலு இனம், நாலு தாளம். கேட் மூடினால் நாலும் கோரஸ். மார்க் 0-வுக்குப் பக்கத்திலிருந்து 1-ஐப் பார்த்து ஓடும்.

சிலிகாவில் இது நேரில் நடந்தது. 1990-களில் அங்கே வாய்க்கால் தூர்ந்து, கடலோடு போக்குவரத்து குறைந்து, மீன்பிடிப்பு படுத்துவிட்டது. 2000 செப்டம்பரில் மணல் திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தார்கள். சில வருஷங்களிலேயே மீன், இறால், நண்டு எல்லாம் பல மடங்கு ஏறின. சேர்ந்து விழுந்தவை சேர்ந்தே எழுந்தன.

இப்படி வெளியிலிருந்து வருகிற ஒரே காரணம், தொடர்பில்லாத கூட்டங்களைக்கூட ஒரே தாளத்தில் ஆட வைக்கும் என்று 1953-லேயே சொன்னவர் பாட் மோரன் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியல்காரர். அவர் எடுத்துக்கொண்டது கனடா காட்டுப்பூனைகளை. லிங்க்ஸ் என்று பெயர். தூரதூரக் காடுகளில் இருந்த பூனைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பெருகி ஒரே காலத்தில் குறைந்தன. பொதுவான வானிலை இதைச் செய்ய முடியும் என்று காட்டினார். அந்தப் பூனைக் கணக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? தோல் வாங்கி விற்ற ஹட்சன் பே கம்பெனியின் பழைய பதிவேடுகளிலிருந்து! யாரோ ஒரு கணக்குப்பிள்ளை குளிரில் கை நடுங்க எழுதின வரவு செலவு, பிற்காலத்தில் விஞ்ஞானமாயிற்று. பி.காம். வகையறாவை இனி யாரும் இளப்பமாகப் பேச வேண்டாம்.

நம் ஊரிலும் உதாரணம் உண்டு. 1990-களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒன்றல்ல, மூன்று இனங்கள். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்கிற வேலைக்கு மூன்று இனம் இருக்கிறதே, ஒன்று போனால் ஒன்று பார்த்துக்கொள்ளாதா? பார்த்துக்கொள்ளவில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து மூன்றுக்குமே விஷம். முதுகு வலிக்கு நாம் விழுங்குகிறோமே, அதே மருந்து. காரணம் 2004-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2006-ல் கால்நடைக்கு அதைக் கொடுக்க இந்தியா தடை போட்டது. அதற்குள் கழுகு மேய்ந்த இடத்தில் தெருநாய் மேய ஆரம்பித்துவிட்டது.

இறால் பண்ணைகள் இன்னொரு பாடம். 1990-களின் ஆரம்பத்தில் ஆந்திரா, தமிழ்நாட்டுக் கரையெல்லாம் குளம் வெட்டி டைகர் இறால் வளர்த்தார்கள். எல்லாக் குளத்திலும் அதே இறால். 1994-ல் வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்தது. ஒரு குளத்துக்கு வந்த வியாதி எல்லாக் குளத்துக்கும் வந்தது. குளங்கள் எத்தனை இருந்தால் என்ன, கூடை ஒன்றுதானே!

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புகிற பஸ்ஸில் மடியில் மீன் கூடையோடு (ஆமாம், என் மடியில்தான்) யோசித்தேன். மாப்பிள்ளை, அவர் தம்பி, என் தங்கை. வேறு வேறு செக்‌ஷன், வேறு வேறு சம்பளம். ஆனால் ஒரே கேட்! ஆர்டர் குறைந்தால், பவர் கட் வந்தால், முதலாளிக்கு மனசு மாறினால், மூணு சம்பளமும் சேர்ந்து கோரஸ் பாடும். பாங்க் தவணை மட்டும் கோரஸில் சேராது. அது மாசம் தவறாமல் ஐந்தாம் தேதி தனியாவர்த்தனம் வாசிக்கும்.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்தேன்.

"மாப்பிள்ளை, 2020 மார்ச் 25-ந்தேதி நினைவிருக்கா?"

யாருக்கு மறக்கும்! ஊரடங்கு. கம்பெனி கேட் மூடியது. அப்போது தம்பி ஷேர் ஆட்டோ, அதுவும் நின்றது. வேறு வேறு தொழில்தான், ஆனாலும் ஒரே அடியில் இரண்டும் விழுந்தன. மோரன் இருந்திருந்தால் குறிப்பெடுத்திருப்பார்.

"அப்போ வீடு எப்படி ஓடிச்சு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். தங்கைதான் மெதுவாகச் சொன்னாள். "அத்தை சேர்த்து வெச்சிருந்த கருவாடு. தெருவுக்கே வித்தோம். அப்புறம் நான் மாஸ்க் தெச்சேன்."

மாஸ்க்! எல்லாம் இறங்கும்போது ஏறின ஒரே வரவு. மார்கோவிட்ஸ் தலைகீழாக நின்று தேடுவாரே, அந்தச் சரக்கு. எது இறங்கும்போது எது ஏறியதோ, அதைத்தான் முன்பணத்துக்காக விற்கப் போகிறோம். எது கேட்டுக்கு வெளியே இருக்கிறதோ, அந்தக் கூடையைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

மாப்பிள்ளை விடவில்லை. "மச்சான், தையல்ல என்ன வரும்? பேக்கிங் சம்பளத்துல பாதி தேறாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருக்கு. நல்ல வருஷத்துல மூணு போனஸ்!"

அவர் சொன்னதும் நியாயம். ஸ்திரம் என்பது சும்மா கிடைப்பதில்லை, சராசரியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். கடன் இல்லாதவன் ஏறி இறங்கிக்கொள்ளலாம். 20 வருஷத் தவணை தலையில் இருக்கிறவனுக்கு ஒரு பெரிய இறக்கம் போதும், அதற்கப்புறம் ஏறுவதற்கு வீடு இருக்காது. ஏரிக்கும் அதேதான். பத்து வருஷச் சராசரி நன்றாக இருந்தது என்று சொன்னால், நடுவில் ஒரு வருஷம் பட்டினி கிடந்த ஃபிளமிங்கோ திரும்பி வராது.

அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அத்தை மட்டும் மடவை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கடைசியில் தங்கைதான் எழுந்தாள். மெஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறினாள். "மனை கொஞ்ச நாள் கழிச்சுப் பார்க்கலாங்க. ரெண்டு சம்பளத்துக்கு எவ்வளவு லோன் தாங்குமோ, அதுலயும் பாதி போதும்."

மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். தொடர்ந்து சாப்பாடு கிடைக்குமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் வந்தது. கிடைத்தது. மடவைக் குழம்பு. சும்மா சொல்லக் கூடாது, அமிர்தம்!

திரும்பும்போது ஜன்னலோர சீட் இல்லை. நின்றுகொண்டே வந்தேன். எண்ணூர் பாலத்தில் கழிமுகம் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு இங்கேதான் எண்ணெய் பரவியது. மீன், நண்டு, பறவை, வலை, படகு எல்லாவற்றின் மேலும் ஒரே கறுப்பு. இனம் பார்க்கவில்லை. ஒரே இரவில் கோரஸ். பழவேற்காட்டுக்கு இது கூப்பிடு தூரம்.

அப்படியே என் சொந்தப் போர்ட்ஃபோலியோவையும் கணக்குப் பார்த்தேன். நான் ஒரே பத்திரிகையை நம்பி இல்லை. நாலு இடத்தில் எழுதுகிறேன். நாலு கூடை. வேறு வேறு முதலாளி, வேறு வேறு ஊர்.

நாலு பேரும் போன மாதம் சேர்ந்தாற்போல் செக் அனுப்ப மறந்துவிட்டார்கள்.

தங்கைக்குப் போன் பண்ணினேன். "ஏம்மா... தையல் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?"